பிரெஞ்சுக் காலனியத்தில் இனமும் பாலினமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சுக் காலனிகளில் திருமணம், குழந்தைப் பிறப்பு, குடியுரிமை ஆகியவற்றைச் சட்டம் எப்படிக் கையாண்டது என்பது என் ஆய்வு. "என்ன படிக்கிறாய்?" என்று உறவினர்கள் கேட்பார்கள், சொன்னதும் அடுத்த கேள்வி வரும். கல்லூரிகளில் பேசப் போனாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாசகத்திலேயே விட்டிருக்கிறேன்.

பிரெஞ்சுக் காலனி என்றால் எங்களுக்குப் புதுச்சேரிதான் தெரியும். அதில் ஆராய அவ்வளவு என்ன இருக்கிறது?

புதுச்சேரி அந்தப் பேரரசின் ஒரு சிறு மூலை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கரீபியனில் மர்த்தினிக், குவாதலூப், பிறகு ஹைட்டியாக மாறிய சான்-தொமிங். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியனும் மொரீஷியஸும். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கொரே, சான்-லூயி. 1830இல் அல்ஜீரியாவில் படை இறங்கியதற்குப் பின் இரண்டாவது அலை: செனகல் முதல் கொங்கோ வரை, மடகாஸ்கர், இந்தோசீனா, பசிபிக் தீவுகள்.

இத்தனை இடங்களுக்கும் ஒரே சட்டம் இருந்ததில்லை. ஒரே ஆண்டில், ஒரே கொடியின் கீழ், ஒரு தீவில் திருமணமாகக் கருதப்பட்டது இன்னொரு தீவில் குற்றமாக இருந்திருக்கிறது. ஆராய வேண்டியது அங்கேதான் குவிந்து கிடக்கிறது.

இனம், பாலினம் என்று ஏன் எப்போதும் சேர்த்தே சொல்கிறீர்கள்? ஒன்றை எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது. 1685இல் பதினான்காம் லூயி பிறப்பித்த கறுப்புச் சட்டத்தைப் பாருங்கள். அடிமைகளைப் பற்றிய சட்டம் அது. அதன் 13ஆம் பிரிவு, அடிமை ஆணுக்கும் சுதந்திரப் பெண்ணுக்கும் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் நிலைதான் என்கிறது. தந்தை சுதந்திரமானவராகவும் தாய் அடிமையாகவும் இருந்தால் குழந்தை அடிமை. தோட்ட முதலாளி தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அவருடைய சொத்துக் கணக்கில் சேர்ந்துவிடும். யார் அடிமை என்பதைப் பெண்ணின் கருப்பை தீர்மானித்தது என்றால், பாலினத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இனத்தை எப்படி ஆராய்வது?

அதே விதி எதிர்த்திசையிலும் பாய்ந்தது. மதலேன் என்ற பெண் வங்காளத்தின் சந்திரநாகூரில் பிறந்தவர். சிறுமியாக பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு ரீயூனியனுக்கு அடிமையாக அனுப்பப்பட்டார். அவருடைய மகன் ஃபுர்சி 1817இல் வழக்குத் தொடுத்தார். பிரான்ஸ் மண்ணில் கால் வைத்தவர் அடிமையாக இருக்க முடியாது என்பது அந்நாட்டின் பழைய சட்டக் கொள்கை. ஆகவே என் தாய் சுதந்திரமானவர், தாயின் நிலைதான் பிள்ளைக்கு, ஆகவே நானும் சுதந்திரமானவன் என்பது அவர் வாதம். 1843 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அதை ஏற்றது. நியாயம் கிடைக்க 26 ஆண்டுகள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரைப் போல ஒதுங்கி இருக்கவில்லை. உள்ளூர்ப் பெண்களைத் திருமணம் செய்துகொண்டார்கள். அப்படியென்றால் இனவெறி குறைவுதானே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் புதுச்சேரிக்காரர்கள். கேள்வியில் கொஞ்சம் ஊர்ப்பற்றும் கலந்திருக்கும்.

கலப்புத் திருமணங்கள் நடந்தன என்பது உண்மை. ஆளுநர் துப்ளேயின் மனைவி ழான் புதுச்சேரியில் பிறந்தவர். தந்தை பிரெஞ்சு மருத்துவர், தாய் இந்தோ-போர்த்துக்கீசியர். தமிழ் பேசுவார். கணவரின் அரசியலில் அவருக்கு இருந்த செல்வாக்கைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எரிச்சலுடன் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனிகளில் ஐரோப்பியப் பெண்கள் மிகக் குறைவு என்பதால் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் இத்தகைய உறவுகளைப் பெரிதாகத் தடுக்கவில்லை.

ஆனால் சட்டங்களை வரிசைப்படுத்தினால் வேறு படம் தெரியும். 1685இல், மணமாகாத எஜமானர் தன் அடிமைப் பெண்ணைத் தேவாலயத்தில் மணந்தால் அவளும் பிள்ளைகளும் விடுதலை பெறுவார்கள் என்று இருந்தது. ரீயூனியன், மொரீஷியஸ் தீவுகளுக்கான 1723ஆம் ஆண்டுச் சட்டமும் லூசியானாவுக்கான 1724ஆம் ஆண்டுச் சட்டமும் வெள்ளையர்-கறுப்பர் திருமணத்தையே தடை செய்தன. 1773இல் சான்-தொமிங்கில் சுதந்திரக் கலப்பினத்தார் வெள்ளையரின் குடும்பப் பெயரைச் சூடக் கூடாது என்று ஆணை. 1779இல் அவர்கள் வெள்ளையரைப் போல உடுத்தக் கூடாது என்று இன்னொரு ஆணை. 1778இல் பிரான்சுக்குள்ளேயே வெள்ளையர்-கறுப்பர் திருமணம் தடை செய்யப்பட்டது. கலப்பு அதிகமாக அதிகமாகத்தான் தடையும் இறுகியது. உறவு இருந்ததை வைத்து வெறுப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. நம் ஊரில் சாதி வரலாறு தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன வேறுபாட்டை விஞ்ஞானிகள்தானே வகுத்தார்கள்? சட்டத்தின் மேல் ஏன் பழி?

விஞ்ஞானிகளின் பங்கும் சிறியதல்ல. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சாரா பார்ட்மனை லண்டனிலும் பாரிசிலும் கட்டணம் வசூலித்துக் காட்சிப் பொருளாக்கினார்கள். 1815 டிசம்பரில் அவர் பாரிசில் இறந்தபின் உயிரியலாளர் குவியே உடலை அறுத்து ஆராய்ந்து பாகங்களைப் பாதுகாத்து வைத்தார். எலும்புக்கூடும் உடல் வார்ப்பும் 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தன. 2002இல் தனிச் சட்டம் இயற்றித்தான் உடல் தென்னாப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

ஆனால் மனிதர்களை வகைப்படுத்தும் கணக்கு ஆய்வகத்துக்கு முன்பே காலனியில் தொடங்கிவிட்டது. சான்-தொமிங்கில் வேலை பார்த்த மொரோ தெ சான்-மேரி, ஒருவரின் இரத்தத்தை 128 பாகமாகப் பிரித்து, அதில் எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு என்று பட்டியல் போட்டார். அவர் விஞ்ஞானி அல்ல, வழக்கறிஞர்.

சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கிய நாடு அடிமைகளை எப்படி வைத்துக்கொண்டது?

ஒரு முறை ஒழித்து, மீண்டும் கொண்டுவந்து, மறுபடி ஒழித்தது. சான்-தொமிங் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் அழுத்தத்தில் 1794 பிப்ரவரியில் பாரிசில் கூடிய புரட்சி மன்றம் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீட்டார். 1848 ஏப்ரல் 27 ஆணைதான் இறுதி. மறு ஆண்டு இழப்பீடும் வழங்கப்பட்டது, உரிமையாளர்களுக்கு.

சமத்துவம் பேசியவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களையும் அதில் சேர்க்கவில்லை என்பதை மறக்க வேண்டாம். 1804ஆம் ஆண்டு சிவில் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றே எழுதியது. அந்த வரி 1938 வரை இருந்தது. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான். அடுத்த ஆண்டு செனகலின் நான்கு நகராட்சிகளில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த ஆப்பிரிக்கப் பெண்களை மட்டும் விலக்கி ஓர் ஆணை வந்தது. அங்கே கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில மாதங்களிலேயே அதைத் திருத்தினார்கள்.

ஆப்பிரிக்கப் பெண்களே அடிமைகளை வைத்திருந்தார்கள் என்று படித்தேன். இதையெல்லாம் நீங்கள் எழுதினால் காலனிக்கு வக்காலத்து வாங்குவது போல் ஆகாதா?

படித்தது சரி. கொரேயிலும் சான்-லூயியிலும் 'சிஞ்ஞார்' என்று அழைக்கப்பட்ட பெண்கள் இருந்தார்கள். பலர் ஆப்பிரிக்கத் தாய்க்கும் ஐரோப்பியத் தந்தைக்கும் பிறந்தவர்கள். கம்பெனி அதிகாரிகளுடன் உள்ளூர் முறைப்படி திருமணம் செய்து, வீடு, கப்பல், தங்க நகை, அடிமைகள் என்று சொத்துச் சேர்த்தார்கள். கணவர் கப்பலேறி ஊர் திரும்பியபின் சொத்து பெரும்பாலும் அவர்களிடமே தங்கியது. மேலே சொன்ன 1849 இழப்பீட்டைப் பெற்றவர்களில் அவர்களும் உண்டு.

எழுதாமல் விட்டால்தான் தவறு. ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் வியாபாரம் நடத்த முடிந்தது என்று அவர்களைப் பாராட்டிவிட்டு, அந்த வியாபாரத்தின் சரக்கு என்ன என்று கேட்காமல் போகும் கட்டுரைகள் எனக்கு ஒப்பாது. அவர்களின் வீட்டில் மாவு இடித்த அடிமைப் பெண்ணும் பெண்தான்.

தந்தை யாரென்றே தெரியாத குழந்தை பிரெஞ்சுக் குடிமகனா என்று நீதிமன்றம் எப்படி முடிவு செய்தது?

என் ஆய்வின் நடுப்பகுதி இதுதான். சற்று நீளமாகவே சொல்கிறேன். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படைவீரர்களும் அலுவலர்களும் வியட்நாமியப் பெண்களோடு வாழ்ந்து, பணி முடிந்ததும் போய்விட்டார்கள். தந்தை பதிவேட்டில் கையெழுத்திட்டால் பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன். இல்லையென்றால் தாயைப் போல் பிரஜை. பிரஜைக்கு வாக்கில்லை, நீதிமன்றமும் தண்டனைச் சட்டமும் வேறு. ஒரு கையெழுத்தின் எடை அவ்வளவு.

வெள்ளைத் தோலோடு சுதேசி வறுமையில் அலையும் பிள்ளைகள் நாளை ஆட்சிக்கு எதிராகத் திரும்புவார்கள் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருந்தது. 1890கள் முதலே இந்தக் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து விடுதிகளில் வளர்க்கும் சங்கங்கள் தோன்றின. 1928 நவம்பர் 8 அன்று ஓர் ஆணை வந்தது: பெற்றோரில் ஒருவர் சட்டப்படி அறியப்படாதவராக இருந்து, அவர் 'பிரெஞ்சு இனத்தவர்' என்று அனுமானிக்க முடிந்தால், நீதிமன்றம் அந்தப் பிள்ளையைப் பிரெஞ்சுக் குடிமகனாக அறிவிக்கலாம். ஆதாரம் என்ன? பிள்ளையின் பெயர், பிரெஞ்சு வளர்ப்பும் கல்வியும் பண்பாடும், சமூகத்தில் அது இருக்கும் இடம். நடைமுறையில் மருத்துவர்கள் முகத்தையும் தோலையும் பார்த்துச் சான்றிதழ் எழுதினார்கள். இதே ஆணையின் வடிவங்கள் 1930இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் 1931இல் மடகாஸ்கருக்கும் போயின.

இனத்தையே ஒப்புக்கொள்ளாத குடியரசு, அதைத் தன் சட்டத்தில் எழுதிவிட்டது. அதுவும் ஒதுக்குவதற்காக எழுதவில்லை, சேர்த்துக்கொள்வதற்காக எழுதியது. இதை 'தாராள மனப்பான்மை' என்று சொல்பவர்கள் தாயை மறந்துவிடுகிறார்கள். பிள்ளை பிரெஞ்சுக்காரர் ஆகும் வழி பெரும்பாலும் அவளிடமிருந்து பிரிந்து விடுதிக்குப் போவதுதான். காலனி ஆட்சி முடியும் தறுவாயிலும் அதற்குப் பிறகும் இப்படி ஆயிரக்கணக்கான குழந்தைகள் கப்பலேற்றப்பட்டார்கள். தாயிடம் கையொப்பம் வாங்கியிருப்பார்கள். காகிதத்தில் என்ன இருந்தது என்று தெரிந்து கையொப்பமிட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

எங்கள் கொள்ளுத்தாத்தா பெயரை மாற்றிப் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டவர். அவரைப் பிரெஞ்சுக்காரராக ஏற்றுக்கொண்டார்களா?

உங்கள் கொள்ளுத்தாத்தா 'ரெனோன்சான்', அதாவது 'துறந்தவர்', ஆக இருக்கலாம். 1819 முதலே புதுச்சேரியில் இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியும் மத வழக்கப்படியும்தான் நீதி என்று விதி இருந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணை, அந்தத் தனிச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர வழி செய்தது. துறந்தவர் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட வேண்டும். இந்த இயக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் ஐரோப்பியக் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றம் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர். அவர் சூடிய பெயர் லாப்போர்த்.

சட்டத்தில் ஏற்றார்கள், வாக்குப்பெட்டியில் தயங்கினார்கள். 1884இல் ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியர்களுக்கு ஒன்று என்று மூன்று வாக்காளர் பட்டியல்கள் போட்டார்கள். துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறையப் பேர். சாதியிலிருந்து வெளியேற அவர்களுக்கு அது ஒரு கதவு. பலர் சைகோனுக்குப் போய் எழுத்தர், காவலர், வரி வசூலிப்பவர் வேலைகளில் அமர்ந்தார்கள். வியட்நாமியருக்கு இல்லாத வாக்கு இந்தத் தமிழருக்கு இருந்தது. ஐரோப்பியச் சம்பளம் கேட்டபோதோ 'நீ இந்தியன்' என்று சொல்லப்பட்டது. ஆகவே உங்கள் கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் கிடையாது.

பெண்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. சாதி வழக்கிலிருந்து வெளியேறிய மனைவி, கணவனுக்குக் கீழ்ப்படியச் சொன்ன அந்த சிவில் சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

அல்ஜீரியாவில் முக்காட்டிலிருந்து பெண்களை விடுவிக்க முயன்றது பிரான்ஸ்தானே? அதையும் குறை சொல்வீர்களா?

நாளைப் பாருங்கள். 1958 மே 13 அன்று அல்ஜியர்ஸில் படைத்தளபதிகளும் குடியேறிகளும் அதிகாரத்தைக் கைப்பற்றினார்கள். அடுத்த சில நாட்களில் மேடைகளில் பெண்களின் முக்காடு விலக்கப்பட்டது. கேமராக்கள் தயாராக இருந்தன. விடுதலைப் போர் நான்காம் ஆண்டில் இருந்தது. 128 ஆண்டு ஆட்சிக்குப் பிறகும் முஸ்லிம் பெண்களில் பெரும்பான்மையினருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1958 செப்டம்பர் வாக்கெடுப்பில்தான் அவர்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

1865 சட்டம் அல்ஜீரிய முஸ்லிம் ஆண்களிடம் மதத் தனிச் சட்டத்தைத் துறந்தால்தான் குடியுரிமை என்றது. பலதார மணத்தைக் காட்டியே அந்த நிபந்தனையை நியாயப்படுத்தினார்கள். பெண்ணின் நிலை ஆணுக்கு உரிமை மறுக்கும் காரணமாயிற்று. 1959இல் மணமகளின் சம்மதத்தைக் கட்டாயமாக்கிய திருமணச் சட்டம் நல்ல சட்டம்தான், அதை மறுக்கமாட்டேன். மறு ஆண்டே ஜமீலா பூப்பாஷா என்ற இளம்பெண் பிரெஞ்சுக் காவலில் சித்திரவதைக்கு உள்ளானார். வழக்கறிஞர் ழிசேல் அலிமி வழக்கை எடுத்ததால் உலகுக்குத் தெரிந்தது. இரண்டையும் செய்தது ஒரே அரசு.

பெண்கள் எதையும் எழுதிவைக்கவில்லையே, எங்கிருந்து தகவல் எடுக்கிறீர்கள்?

ஞானஸ்நானப் பதிவேடு, திருமண ஒப்பந்தம், உயில், காவல்துறைக் குறிப்பு, நீதிமன்ற மனு. பெரும்பகுதி தென் பிரான்சில் எக்ஸ்-அன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. மதலேனைப் பற்றி நமக்குத் தெரிவதே மகனின் வழக்குக் கட்டுகளால்தான்.

சில இடங்களில் கிடைப்பது மிகச் சொற்பம். 1802இல் குவாதலூப்பில் அடிமை முறை திரும்புவதை எதிர்த்த சொலித்யூத், கருவுற்றிருந்ததால் பிரசவம் வரை விட்டுவைக்கப்பட்டு, மறுநாள் கொல்லப்பட்டார் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒருவரின் சில வரிகளைத் தவிர அவரைப் பற்றிய எழுத்துச் சான்று ஏறக்குறைய இல்லை. 2022இல் பாரிசில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலை வந்தபின் வரிகள் கூடவில்லை. இல்லாததைக் கற்பனையால் நிரப்பக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

1960களில் காலனிகள் விடுதலை அடைந்ததோடு கதை முடிந்துவிட்டதல்லவா?

ரீயூனியன் இன்றும் பிரான்ஸின் மாவட்டம். தமிழ் வேர் கொண்ட மலபார் மக்கள் அங்கே ஏராளம். 1970இல் அத்தீவின் மருத்துவமனை ஒன்றில் ஏழைப் பெண்களுக்கு அவர்கள் சம்மதமில்லாமல் கருக்கலைப்பும் கருத்தடையும் நடந்தது அம்பலமானது. அதே ஆண்டில் பாரிசில் கருக்கலைப்பு தண்டனைக்குரிய குற்றம். 1975இல்தான் அது சட்டபூர்வமானது. வெள்ளைப் பெண் பெற்றே தீர வேண்டும், தீவுப் பெண் பெறக் கூடாது. ஒரே சட்டப் புத்தகம்.

1963 முதல் 1980களின் தொடக்கம் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரீயூனியன் குழந்தைகள் பிரான்சின் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2014இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் அரசின் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொண்டது. இந்தோசீனக் குழந்தைகள் பற்றிய பதிலோடு சேர்த்துப் படியுங்கள்.

இன்றைய பிரான்சில் இனக் கணக்கே எடுப்பதில்லையாமே? பிறகு இனம் பற்றிய ஆய்வுக்கு அங்கே இடம் உண்டா?

1978ஆம் ஆண்டுச் சட்டம் இன அடிப்படையில் தனிநபர் தகவல் திரட்டுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. 2018இல் அரசியலமைப்பின் முதல் பிரிவிலிருந்தே 'இனம்' என்பதை நீக்க தேசிய மன்றம் வாக்களித்தது; அந்தத் திருத்தம் நிறைவேறாமல் நின்றுபோனது. இதற்குப் பின்னால் நாஜிக் காலத்து யூதப் பதிவேடுகளின் கசப்பான நினைவு இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

இடம் உண்டு, சண்டையோடு. 2005இல், கடல்கடந்த நாடுகளில், குறிப்பாக வடஆப்பிரிக்காவில், பிரான்ஸின் 'ஆக்கபூர்வமான பங்கை'ப் பள்ளிகளில் கற்பிக்கச் சொன்ன சட்டப் பிரிவை வரலாற்றாசிரியர்கள் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு அது நீக்கப்பட்டது. 2021இல் உயர்கல்வி அமைச்சரே இத்தகைய ஆய்வுகள் மேல் விசாரணை வேண்டும் என்றார். 1928 ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு 'இங்கே இனம் பார்த்ததே இல்லை' என்ற பேச்சைக் கேட்பது எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது.

இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதர்களை அளப்பது நியாயமா?

அன்றைய அளவுகோலாலேயே அளக்கலாம். பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஒலாம்ப் தெ கூழ் அடிமை முறையையும் பெண்ணடிமையையும் ஒரே மூச்சில் எதிர்த்து எழுதினார்; 1793இல் கில்லட்டினில் தலை இழந்தார். சான்-தொமிங்கின் கலப்பினத் தோட்ட முதலாளி ழூலியான் ரேமோன் 1780களிலேயே பாரிசில் சம உரிமைக்கு மனுப்போட்டார், தானே அடிமைகளை வைத்திருந்துகொண்டு. ஃபுர்சியும் பொன்னுத்தம்பி பிள்ளையும் 21ஆம் நூற்றாண்டுக்காரர்கள் அல்லர். அநியாயம் என்று அன்றே சொன்னவர்கள் இருக்கும்போது, 'அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது' என்பது அவர்களை மறுபடியும் ஒரு முறை அழிப்பதாகும்.

பிரெஞ்சு தெரியாமல் இதில் இறங்க முடியுமா?

வாசகராக இறங்கலாம், ஆய்வாளராக முடியாது. பிரெஞ்சு கற்றாலும் 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து தனியாகப் பழக வேண்டும். ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சலுகை: 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை மூலத்தில் படிக்கலாம். ஐரோப்பிய ஆய்வாளர்களில் பலருக்கு அது மொழிபெயர்ப்பில்தான் கைக்கு வரும்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்தினர் எக்ஸ் காப்பகத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள். பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்கள் ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேடும்போது அதே பக்கத்தில் கொள்ளுப்பாட்டிக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.